தறிக்குழியில் நீர்: வந்த வழியைக் காண்பது எவ்வாறு?

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் நம் நெசவாளர் தெருக்கள் பலவற்றில் தறியோசை குன்றிவிடுகின்றது. குழித்தறியில் நெய்வோர் கால் வைத்து மிதிக்க வேண்டிய குழியில் நீர் நின்றுவிடுகின்றது. நாள் முழுதும் ஈரத்தில் கால் வைத்து நெய்தல் இயலாது. பாவும் ஈரங் குடிக்கின்றது. இயல்பான காற்றிலேயே பருத்தி நூல் தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 8.5 பங்கும், பட்டு 11 பங்கும் ஈரத்தை ஏற்று நிற்பன. காற்றில் ஈரம் மிகுந்தால் இவ்வளவும் மிகும். கஞ்சியிட்ட பாவில் பூஞ்சணம் படரும். நெய்யாத நாளுக்குக் கூலியில்லை. கடன் தவணையோ காத்திருப்பதில்லை.

அண்மையில் நாம் ஆய்வுக்குச் சென்ற ஊரொன்றில், மூன்று தவணை தவறிய உறுப்பினர் ஒருவரைக் காணுமாறு சங்கத்தார் கூறினர். நூல் வாங்கப் பெற்ற பணத்தை வேறு செலவிற்குத் திருப்பிவிட்டார் என்பது அவர்மீது குறை. கண்டிக்கும் எண்ணத்துடனேயே அவர் இல்லம் புகுந்தோம். அவர் எதையும் மறுக்கவில்லை. தறியருகே அழைத்துச் சென்று குழியைக் காட்டினார். ஓரடி ஆழத்திற்கு நீர். அதனடியில் வெடித்த சிமெண்டுத் தளம். “நெய்யமாட்டேன் என்றா சொல்கிறேன், ஐயா? இந்தக் குழி விட்டால்தானே! இரண்டு முறை சிமெண்டு போட்டாகிவிட்டது,” என்றார். கடன் பணம் போன இடம் அதுவே.

அவர் நீரைத் தடுக்க முயன்றது பிழையன்று. அது வரும் வழியை அறியுமுன் தடுக்க முயன்றதே பிழை. வீட்டின் அடியில் நிற்கும் நீர் பெரும்பாலும் நான்கு வழிகளுள் ஒன்றால் வருவதாகும். கூரையினின்றும் முற்றத்தினின்றும் இறங்கும் மழைநீர் ஒன்று; குடிநீர்க் குழாயின் கசிவு மற்றொன்று; குளியலறை, சாக்கடை ஆகியவற்றின் கழிவுநீர் மூன்றாவது; நிலத்தடி நீர்மட்டம் உயர்தல் நான்காவது. நான்கிற்கும் பரிகாரம் வெவ்வேறு. ஒன்றன் மருந்து மற்றொன்றிற்கு உதவாது.

வழியைக் காணப் பெருஞ்செலவு வேண்டா. முதலில் குழியருகே உள்ள மின்கம்பிகளையும் விளக்கையும் அகற்றிவிட்டு, நீரை முற்றும் இறைத்தல் வேண்டும். இறைத்தவுடன் அகலாது நின்று, எப்பக்கத்துச் சுவரிலிருந்து முதலில் ஈரம் அரும்புகின்றது என்று காண்க. பின்னர் அளவுக்குறியிட்ட குச்சி ஒன்றைக் குழியில் நட்டு, காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளையும் நீரின் உயரத்தைக் குறித்துவருக. மழை பெய்த நேரம், தெருக்குழாயில் நீர் வந்த நேரம், வீட்டில் துணி துவைத்த நேரம் ஆகியவற்றையும் பக்கத்திலேயே எழுதுக. ஒரு வாரக் குறிப்பு போதும்.

மழை பெய்த சில மணி நேரத்தில் நீர் ஏறி, வெயில் கண்டதும் இறங்கினால் அது கூரைநீர் அல்லது முற்றத்து நீர். குளித்துத் துவைத்த பின் ஏறுவதும் நாற்றமுடையதும் கழிவுநீர். குழாயில் நீர் வரும் வேளையை ஒட்டி ஏறுவது குழாய்க் கசிவு. வீட்டில் நீரளவி இருப்பின், எல்லாக் குழாய்களையும் மூடியபின் அதன் முள் நகர்கின்றதா என்றும் பார்க்கலாம். கசிவு சிறிதென எண்ணலாகாது. நொடிக்கு ஒரு சொட்டு எனினும் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகளாகும். 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டாலும் நான்கு லிட்டருக்கு மேல்.

நிலத்தடி நீரோ என்று அறியக் கிணறே சான்று. கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாயைக் கொண்டு கிணற்றருகிலும் குழியருகிலும் ஒரே மட்டத்தில் கோடிட்டு, அக்கோட்டிலிருந்து கிணற்று நீர்வரையும் குழியின் அடிவரையும் அளந்து ஒப்பிடுதல் வேண்டும். கிணற்று நீர் குழியின் அடியைவிட உயர்ந்திருந்தால் நிலத்தடி நீரே காரணம் என ஐயுறலாம். தாழ்ந்திருந்தால் வேறு வழியைத் தேடுக.

மேற்படி உறுப்பினர் வீட்டில் குழியின் அடி கோட்டிற்குக் கீழே இரண்டரை அடி. கிணற்று நீரோ ஏழடி. ஆகவே அவர் நம்பியிருந்ததுபோல் அது ஊற்றன்று. அவர் மனைவியார் எழுதி வைத்த ஒரு வாரக் குறிப்பில், தெருக்குழாயில் நீர் வந்த ஒவ்வொரு காலையும் குழிநீர் இரு விரற்கடை ஏறியிருந்தது. குழாயில் நீர் வாராத ஒரு நாள் மட்டும் ஏறவில்லை. வாயிற்சுவரை ஒட்டித் தோண்டியபோது குழாயின் இணைப்பு விட்டிருந்தது. கசிந்த நீர், களிமண்ணாதலின் கீழே இறங்காமல், தறிக்குழியை நாடியிருக்கின்றது. நீர் வாராத வேளையில் அவ்விரிசல் வழியே அழுக்குநீர் குழாயினுட் புகக்கூடும். ஆகையால் குடிநீருக்கும் அது கேடே.

சிமெண்டு ஏன் வெடித்தது? குழிக்கு வெளியே மண்ணில் நீர் ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர், உயர்ந்து நின்றால், இறைத்த குழியின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடையளவு மேல்நோக்கி உந்தும். 5 சென்டிமீட்டர் கனமுள்ள தளத்தின் எடையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிலோவே. இரண்டுள் வெல்வது எது என்று சொல்ல வேண்டுவதில்லை.

உழவர் பெருமக்களுக்கும் இது பொருந்தும். வாய்க்காலோரத்து வீட்டின் நெற்குதிர் அடியில், மழையின்றியே ஈரம் காணின், வாய்க்காலில் நீர் விடும் நாளையும் அடைக்கும் நாளையும் குறித்துக்கொள்க. காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்த சில நாட்களில் ஈரம் தொடங்கினால் வாய்க்கால்மீதே ஐயம் கொள்ளலாம். கழிவுநீரென ஐயம் எழின், சமையலுக்குரிய உணவுச்சாயத்தைக் குளியலறையில் கரைத்துவிட்டுப் பார்க்கலாம். நூற்சாயம் கூடாது, அது கிணற்றைக் கெடுக்கும். சாயம் தோன்றினால் வழி உறுதி. தோன்றாவிடின் மண் அதனைப் பற்றிக்கொண்டிருக்கலாம், வழியில்லை என்று பொருளன்று.

வழி தெரிந்தபின் பரிகாரம் எளிது. கூரைநீரைச் சுவரினின்று விலக்கி, முற்றத்தை வெளிப்புறம் சரிவாக்குக. கழிவுநீர்க் குழியை அப்பால் மாற்றுக. குழாயைப் பழுது பார்க்க. நிலத்தடி நீராயின் சிமெண்டை நம்பாது, தரையையும் தறியையும் உயர்த்தி, குழியின் அடி நீர்மட்டத்திற்கு மேலிருக்குமாறு அமைத்தலே நன்று. பல வீடுகளில் ஒரே நாளில் நீர் ஏறுமாயின் காரணமும் பொதுவானதே. ஒருவர் தனித்து முயல்வதிற் பயனில்லை. சங்கத்தின் பெயரால் எழுதும் மனுவிற்கு வலிமை மிகுதி.

அவ்வூரில் சங்கம் எழுதியபின் குழாய் செப்பனிடப்பட்டது. பத்து நாளில் குழி உலர்ந்தது. பாவு மீண்டும் ஏறியது. தவணைக்கு நாள் நீட்டிக்குமாறு நாமே பரிந்துரைத்தோம். தவணை தவறியவரின் வீட்டை ஒருமுறை சென்று பாராமல் ஏட்டில் குறையெழுதுதல் கூடாது என்பதை நாமும் அங்கே கற்றோம்.