இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம்: நோயுள்ளவர் பங்கேற்கலாமா?

இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தி இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்த ஒருவர், தம் மனைவியுடன் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். பரிசோதனை முடிந்து எழும் வேளையில், “டாக்டர், இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்” என்றார். உடனே மனைவி, “வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் டாக்டர். நான் சொன்னால் இவர் கேட்கமாட்டார்” என்றார்.

இருவர் மனத்திலும் இருந்தது ஒரே கேள்விதான்: உடல் தாங்குமா? இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. நோய் எந்நிலையில் உள்ளது, எம்மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன, பயிற்சி எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். அதனை நோயாளரும் குடும்பத்தினரும் தெளிவாக அறிந்துகொள்ள இக்கட்டுரை உதவும்.

இப்பயணம் எத்தகையது?

நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தின் தாயகம் பிரான்ஸ் நாடு. பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் நகரம் சென்று மீண்டும் பாரிஸ் திரும்பும் பந்தயம் 1891ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைபெற்றது. 1931ஆம் ஆண்டு முதல், பரிசுக்காக அன்றி மனநிறைவுக்காகச் சைக்கிள் ஓட்டும் ஆர்வலர்களுக்கும் அதில் தனியிடம் கிடைத்தது. இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறும் அப்பயணத்தின் தூரம் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். கால வரம்பு 90 மணி நேரம்.

அதற்குத் தகுதி பெறுவதற்கான சிறிய பயணங்கள் ‘பிரெவே’ எனப்படுகின்றன. சென்னை, கோவை உள்ளிட்ட நகரங்களிலும் இவை நடத்தப்படுகின்றன. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300 கிலோமீட்டருக்கு 20 மணி, 400 கிலோமீட்டருக்கு 27 மணி, 600 கிலோமீட்டருக்கு 40 மணி என வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. உணவு, ஓய்வு, பஞ்சர் ஒட்டுதல் அனைத்தும் இந்நேரத்துள் அடங்கும். முதலிடம், இரண்டாமிடம் என்பவை இல்லை. வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரை பெற்று, உரிய நேரத்துள் முடிப்பவர் அனைவரும் வென்றவரே.

நோயாளர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 200 கிலோமீட்டரைப் பத்து மணி நேரத்தில் கடப்பார். எஞ்சிய மூன்றரை மணி நேரம் ஓய்வுக்கு உரியது. ஆகவே இங்கு தேவைப்படுவது வேகமன்று, நிதானமே. முன்னே செல்பவரைத் துரத்தும் ஆசையே பெரும்பாலான இடர்களுக்குத் தொடக்கமாகிறது.

குடும்பத்தினர் அறிய வேண்டிய விதியும் ஒன்று உண்டு. காரில் பின்தொடர்ந்து சென்று வழியில் உதவுதல் கூடாது. சோதனைச் சாவடிகளில் மட்டுமே உதவலாம். எனவே இரு சாவடிகளுக்கு இடைப்பட்ட தொலைவில் ஓட்டுநரே தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் பங்கேற்றல் கூடாது?

உழைக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம் அல்லது வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்போ இதய அறுவைச் சிகிச்சையோ கண்டவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு அல்லது வலிப்பு நோய் உள்ளவர்கள் இதில் ஈடுபடலாகாது. நீரிழிவினால் விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் தோன்றியுள்ளவர்கள் கண் மருத்துவரின் இசைவின்றிக் கடும் முயற்சிகளில் இறங்குதல் கூடாது. காய்ச்சல் உள்ள நாளில், எத்தனை மாதம் பயிற்சி செய்திருந்தாலும், எவரும் புறப்படக் கூடாது. வைரஸ் தொற்றின்போது கடுமையாக உழைத்தால் இதயத் தசை அழற்சி உண்டாகவும் அது தீவிரமடையவும் வாய்ப்புண்டு.

ஏனையோர் ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் சோதனை ஆகியவற்றுள் தமக்குத் தேவையானவற்றை மருத்துவர் அறிவுரைப்படி செய்துகொள்ள வேண்டும். பயிற்சியைக் குறைந்த தூரத்தில் தொடங்கிப் பல மாதங்களில் சிறிது சிறிதாக உயர்த்துதல் நலம்.

மருந்துகளும் பயணமும்

மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மருந்துகள் நாடித் துடிப்பு உயர்வதைத் தடுக்கும். ஆதலால் இவற்றை உட்கொள்வோர் நாடித் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பித் தம் உழைப்பை அளவிட இயலாது. ஓட்டும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு ஏற்ற அளவுகோல். பேச்சு இடையிடையே அறுபட்டால் வேகம் மிகுதி என்று பொருள்.

குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்வோர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மண்டையோட்டுக்குள் ஏற்படும் இரத்தக் கசிவு சில மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடும்.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரைகளும் உடலின் நீரைக் குறைக்கும். பின்னவை, உணவு குறைந்து உழைப்பு மிகும் நாளில் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்வதற்கும் காரணமாகலாம். இவற்றை எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நோயாளர் தாமாகச் செய்தல் ஆகாது.

கால்வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. உடலில் நீர் குறைந்த நிலையில் இவை சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

புறப்படும் முன் சர்க்கரையை அளத்தல் இன்றியமையாதது. இன்சுலின் போடுபவர்களுக்கு அளவு 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் முதலில் மாவுச்சத்து உணவு உண்ண வேண்டும். 250க்கு மேல் இருந்தால் கீட்டோன் சோதனை செய்ய வேண்டும். ஓட்டத்தில் பயன்படும் தொடையில் இன்சுலின் போட்டால் அது விரைவாக உறிஞ்சப்படும் என்பதால் வயிற்றுப் பகுதியே தக்கது.

நடுக்கம், வியர்வை, காரணமற்ற எரிச்சல், பார்வை மங்கல் ஆகியன சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். 70க்குக் கீழ் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். சீரான பின்னரே சைக்கிளில் ஏறலாம். பயணம் முடிந்த அன்றிரவிலும் சர்க்கரை தாழக்கூடும். உறங்கும் முன் அளவு பார்க்கவும், நள்ளிரவில் ஒரு முறை எழுப்பவும் வீட்டில் ஒருவர் இருத்தல் நன்று.

நீரும் உணவும்

தாகத்துக்கேற்பப் பருகுவதே பொது விதி. நம் நாட்டு வெயிலில் நீர்க்குறைவும் வெப்பத் தாக்கமும் எளிதில் நேரும். மறுபுறம், வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் உண்டாகும். ஆகவே ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட மோர் போன்றவற்றை இடையிடையே பருகலாம். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றால் நீருக்கும் உப்புக்கும் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு இவ்விதி பொருந்தாது.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. இட்லி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் ஆகியனவும் தக்கவையே. பயிற்சியின்போது உண்டு பழகாத எதையும் பயண நாளில் உண்ணுதல் கூடாது.

கையும் இருக்கையும்

சிறுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, கைப்பிடி மணிக்கட்டு நரம்பை அழுத்துவதன் அறிகுறி. பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை இருக்கையிலிருந்து எழுந்து மிதிக்க வேண்டும். இருக்கையின் உயரத்தையும் சாய்வையும் சரிசெய்ய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் உராய்வுப் புண்களைச் சிறியவை என்று விட்டுவிடலாகாது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில், இடக்கையில் அல்லது தாடையில் வலி
• மயக்கம், ஒழுங்கற்ற படபடப்பு
• குழறும் பேச்சு, மனக்குழப்பம்
• மிகுந்த உடற்சூடு
• கோலா நிறத்தில் சிறுநீர்

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். பெயர், இரத்த வகை, நோய், மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருத்தல் அவசியம். தலைக்கவசம், விளக்கு, ஒளி தெறிக்கும் மேற்சட்டை ஆகியவை இன்றிப் புறப்படலாகாது. தூக்கம் வந்தால் சாலையோரத்தில் பாதுகாப்பான இடத்தில் சிறிது நேரம் உறங்குவது மேல். பயணம் முடிந்து வீடு திரும்புகையில் வாகனத்தை வேறொருவர் ஓட்ட வேண்டும்.

அத்தம்பதியருக்கு மருத்துவர் ஆமென்றும் கூறவில்லை, இல்லையென்றும் கூறவில்லை. ட்ரெட்மில் சோதனை முடிவு நன்றாக இருந்தால், இருபது கிலோமீட்டரில் பயிற்சியைத் தொடங்கி, ஆறு மாதங்களுக்குப் பின் மீண்டும் பேசலாம் என்றார். மனைவி ஒரு நிபந்தனை விதித்தார்: ஒவ்வொரு சாவடியிலிருந்தும் தொலைபேசியில் பேச வேண்டும்; முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் திரும்பிவிட வேண்டும். கணவர் இசைந்தார்.

அந்த நிபந்தனையின் இரண்டாம் பகுதியே முதன்மையானது. பாதியில் விலகியவர் அடுத்த முறை மீண்டும் பெயர் கொடுக்கலாம்.