கேன்சர் சிகிச்சை மாறிடுச்சு, உங்க பாலிசி மாறிச்சா?

"5 லட்சத்துக்கு பாலிசி இருக்கு, கேன்சர் வந்தா போதுமா?" சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. தொகையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, பாலிசிக்குள்ள இருக்கிற ஒரு வரியைப் பாருங்க.

2023 அக்டோபர்ல நம்ம நாட்டோட முதல் கார்-டி செல் சிகிச்சைக்கு அனுமதி கிடைச்சது. பேரு நெக்ஸ்கார்19. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கினது. நோயாளியோட ரத்தத்துல இருந்து டி-செல்களைப் பிரிச்சு, லேப்ல மரபணுவை மாத்தி, கேன்சர் செல்லைத் தேடித் தாக்குற மாதிரி பண்ணி, திரும்ப உடம்புல ஏத்துறாங்க. சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும்தான் இது. வெளிநாட்டுல மூணு, நாலு கோடி ஆகுறது, இங்க சுமார் 30 முதல் 40 லட்சம். பத்துல ஒரு பங்குதான். ஆனா மாசம் 40,000 வாங்குறவங்களுக்கு அது ஏழெட்டு வருஷச் சம்பளம்!

இப்போ அந்த வரி. ரோபோட்டிக் சர்ஜரி, மாத்திரையா சாப்பிடுற கீமோ, ஊசியா போடுற இம்யூனோதெரபி உட்பட 12 நவீன சிகிச்சைகளை பாலிசியில இருந்து மொத்தமா ஒதுக்கக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ 2019-லேயே சொல்லிடுச்சு. ஆனா உச்சவரம்பு வைக்கலாம். அங்கதான் சிக்கல். உதாரணமா, 5 லட்சம் பாலிசியில நவீன சிகிச்சைக்கு 50% வரம்புன்னா, 4 லட்சம் பில்லுக்கு 2.5 லட்சம்தான் வரும். மீதி 1.5 லட்சம் உங்க கையில இருந்து. கார்-டி பேரு அந்த 12-லயே இல்ல.

அடுத்தது பேப்பர். எங்க கீரனூர் பக்கம் ஒருத்தருக்குக் கட்டின்னா ஸ்கேன் புதுக்கோட்டையில, பயாப்சி திருச்சியில, அப்புறம் அடையாறு. (1954-ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கின முத்துலட்சுமி ரெட்டி எங்க புதுக்கோட்டைக்காரங்கதான்!) எல்லா ரிப்போர்ட்டும் ஒரே மஞ்சப்பையில. ஒண்ணு தொலைஞ்சா மறுபடி டெஸ்ட், மறுபடி செலவு, கிளெய்ம்லயும் கேள்வி.

இதுக்குத்தான் ஆபா நம்பர். 14 இலக்கம், இலவசம், ஆதார் இருந்தா போதும். இது இன்சூரன்ஸ் இல்ல, ரிப்போர்ட்டுகளை ஒண்ணா சேர்க்கிற அடையாள எண். திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை இதோட இணைக்கலாம், பழைய பேப்பரை நீங்களே ஸ்கேன் பண்ணி ஏத்திக்கலாம். யார் பார்க்கலாம், எத்தனை நாளைக்குன்னு நீங்கதான் அனுமதி கொடுக்கணும்.

"பழைய சுகர், பிபி எல்லாம் கம்பெனிக்குத் தெரிஞ்சுடுமே?" தெரியட்டும்ங்க. மறைச்சாதான் ஆபத்து. சொல்லி எடுத்தா அதிகபட்சம் 3 வருஷக் காத்திருப்பு. மறைச்சு எடுத்து நடுவுல மாட்டினா மொத்தக் கிளெய்மும் போகும். 60 மாசம் தொடர்ந்து கட்டினப்புறம், மோசடின்னு நிரூபிச்சாதான் கம்பெனி மறுக்க முடியும். 25 வயசுல ஆரம்பிச்சா 30-லயே அந்தக் கோட்டைத் தாண்டிடுவீங்க. பிரீமியத்துக்கு வரிச்சலுகை பழைய வரி முறையில மட்டும்தான், அதுக்காகன்னு மட்டும் எடுக்காதீங்க.

ஆபீஸ் குரூப் பாலிசி மட்டும் வெச்சிருக்கவங்க எச்ஆர் கிட்டயும், சொந்தமா எடுத்தவங்க கம்பெனிக்கும் இந்த மெயிலை அப்படியே அனுப்புங்க: "என் பாலிசியில் நவீன சிகிச்சைகளுக்கான உச்சவரம்பு எவ்வளவு? கார்-டி செல் சிகிச்சைக்கு கிளெய்ம் உண்டா? பதிலை எழுத்துப்பூர்வமாகத் தரவும்."