சமூகப்பணிக் கல்வியில் வழிகாட்டி ஆசிரியர்

பிறர் துயர் கண்டு இரங்குதல் மனித இயல்பு. அவ்விரக்கத்தை முறையான அறிவாகவும் திறனாகவும் வளர்ப்பது சமூகப்பணிக் கல்வி. இரக்கத்தை மட்டுமே துணையாகக் கொண்டு களம் இறங்குபவர் விரைவில் சோர்ந்துவிடலாம்; உதவி நாடி வந்தவருக்குத் தம்மை அறியாமலேயே தீங்கு இழைத்துவிடவும் கூடும். இவ்விரண்டும் நேராமல் மாணவரை நெறிப்படுத்துபவரே வழிகாட்டி ஆசிரியர்.

கல்வியின் தோற்றம்

இந்தியாவில் சமூகப்பணிக்கான முதல் கல்வி நிறுவனம் 1936ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநராகக் கிளிஃபோர்ட் மன்ஷார்ட் பொறுப்பேற்றார். 1944இல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தமிழகத்தில், மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952ஆம் ஆண்டு சென்னை சமூகப்பணிப் பள்ளி உருவானது. இன்று பல கல்லூரிகள் இத்துறையில் இளநிலை, முதுநிலைப் படிப்புகளை வழங்குகின்றன.

களமே வகுப்பறை

இப்படிப்பின் உயிர்நாடி களப்பணியாகும். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொழிற்சாலை, குடிசைப்பகுதி எனப் பல இடங்களுக்கு மாணவர்கள் அனுப்பப்படுகின்றனர். அங்குக் கண்டதையும் செய்ததையும் அறிக்கையாக எழுதுகின்றனர். வழிகாட்டி ஆசிரியர் அவ்வறிக்கையைப் படித்து, மாணவருடன் தனியாகவும் குழுவாகவும் கலந்துரையாடுகிறார்.

எடுத்துக்காட்டாக, விபத்தில் கால் இழந்த ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப மறுக்கிறார் எனக் கொள்வோம். களப்பணி மாணவர் அவரிடம், "குடும்பத்தினர் காத்திருக்கிறார்கள், நீங்கள் போகத்தான் வேண்டும்" என வற்புறுத்துகிறார். நோயாளி பேசுவதையே நிறுத்திவிடுகிறார். இதனை அறிக்கையில் படித்த ஆசிரியர் மாணவரைக் கடிந்துகொள்வதில்லை, "அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டாயா?" என ஒரு வினாவை மட்டும் எழுப்புகிறார். மாணவர் மீண்டும் சென்று பொறுமையாகச் செவிமடுக்கிறார். உழைத்துக் காத்த குடும்பத்திற்கு இனித் தாம் சுமையாகிவிடுவோம் என்னும் அச்சமே மறுப்பின் காரணம் எனத் தெரிகிறது. அதன் பின்னரே செயற்கைக் கால், மாற்றுத்தொழில், அரசின் உதவித்தொகை ஆகியன குறித்த பேச்சுக்கு வழி பிறக்கிறது.

முடிவெடுக்கும் உரிமை

உதவி நாடுவோர் தம் முடிவைத் தாமே எடுக்கும் உரிமை உடையவர் என்பது சமூகப்பணியின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. அமெரிக்க அறிஞர் ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு நெறிகளுள் இதுவும் இடம்பெறுகிறது. நல்ல வழிகாட்டி இந்நெறியை மாணவரிடத்தும் கடைப்பிடிக்கிறார். மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணி, சமுதாய மேம்பாடு, மனிதவள மேலாண்மை முதலிய சிறப்புப் பிரிவுகளுள் ஒன்றைத் தேரும் வேளையில், "இதனையே எடு" என அவர் ஆணையிடுவதில்லை. ஒவ்வொன்றின் பணிச்சூழலையும் வாய்ப்பையும் இடரையும் விளக்கி, எந்தக் களம் மாணவரின் மனத்தை ஈர்த்தது என்பதை அவரே உணரச் செய்கிறார்.

தம் சொல்லைப் பொறுமையுடன் கேட்ட ஒருவரிடம் பயின்றவரே பிறர் சொல்லையும் அவ்வாறு கேட்கக் கற்கிறார். நூல்கள் கோட்பாட்டைத் தருகின்றன; அதனை வாழ்ந்து காட்டுபவர் வழிகாட்டி ஆசிரியர்.