படிகமா, கண்ணாடியா? மாலை வாங்கும் அன்பர்களுக்கு

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில், விழாக்காலக் கண்காட்சிக் கடையொன்றில் நாம் அண்மையில் ஒரு படிக மாலை வாங்கினோம். 108 மணிகள், பனித்துளி போன்ற தெளிவு, விலை 70 டொலர். கடைக்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியஞ் செய்யாத குறையாக "அசல் ஸ்படிகம்" என்றார். வீடு வந்து அம்மம்மாவின் கையிற் கொடுத்தோம். அவர் அதனைக் கன்னத்தில் ஒருகணம் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடி, பிள்ளை" என்று திருப்பித் தந்தார்.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், அவர் மடியிற் செருகிக்கொண்டு நடந்த படிக மாலை இன்றும் அவரிடம் உண்டு. முப்பது ஆண்டுகள் விரலில் உருட்டிய பழக்கமே அவரைப் பேசவைத்தது. அது வெறும் நம்பிக்கையுமன்று. படிகம் கண்ணாடியைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எனவே தோலிற் பட்டவுடன் சில்லென்றிருக்கும். அந்தக் குளிர்ச்சி சிறிது நேரம் நிற்கவும் செய்யும். கண்ணாடி மணி விரைவிற் சூடேறிவிடும். ஆனால் டெக்சாஸ் கோடையில் காருக்குள் கிடந்த மாலையை எடுத்து இச்சோதனையைச் செய்தல் வீண் வேலை.

ஏமாற்றத்தின் பாதி சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கிறிஸ்டல்' என்பது உயர்தரக் கண்ணாடிக்கும் பெயர். ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற சுவரோவ்ஸ்கி மணிகளும் கண்ணாடியே; அதில் மோசடி எதுவுமில்லை. நாம் தேடும் பொருளோ குவார்ட்ஸ் என்னும் கனிமம். தமிழிலும் குழப்பம் உண்டு. மணிமேகலை புகுந்த பளிக்கறையின் பளிங்கு படிகம். இன்று பளிங்கு என்றாற் பலருக்கும் தோன்றுவது தரைக்குப் பதிக்கும் கல். ஆகவே பற்றுச்சீட்டில் 'நேச்சுரல் குவார்ட்ஸ்' என்று எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். போலிக்கல்லை இயற்கைக் கல்லின் பெயரால் விற்பது ஏமாற்று என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் நகை விற்பனை வழிகாட்டி கூறுகின்றது.

நம்மவரிடையே உலவும் சோதனைகள் சில பயனற்றவை. நீரிலிட்டால் அசல் படிகம் கண்ணுக்குத் தெரியாது மறையும் என்பர். மறையாது, நீருக்கும் படிகத்துக்கும் ஒளிவிலகல் வேறு, கண்ணாடிக்கும் ஏறத்தாழ அவ்வாறே. இருளில் இரு மணிகளை உரசினால் ஒளி தோன்றும் என்பது மெய்தான். எனினும் உரசிய மணி வடுப்படும். படிகம் கண்ணாடியைக் கீறும் கடினமுடையது என்பதும் சரியே. அதற்காகக் கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டியைக் கீறிப் பார்ப்பது முறையன்று.

உருப்பெருக்கியால் மணியினுள் பாருங்கள். உருண்டையான காற்றுக் குமிழிகள் தென்பட்டால் அது கண்ணாடி. இயற்கைப் படிகத்தில் மேகம் போன்ற திரைகளும் நுண்ணிய வெடிப்புகளும் இருப்பது வழக்கம். 108 மணிகளும் ஒரு குறையுமின்றி, விலையும் மலிவாக இருந்தால் ஐயப்படுக. சமையலறைத் தராசும் உதவும். 8 மில்லிமீற்றர் மணிகள் 108 கொண்ட படிக மாலை ஏறத்தாழ 75 கிராம் நிறுக்கும். பிளாஸ்டிக் அதில் பாதியும் வராது. ஈயங் கலந்த கண்ணாடி மிகுந்து நிற்கும். சாதாரணக் கண்ணாடி மட்டும் படிகத்துக்கு மிக அண்மையில் வந்து தப்பிவிடும்.

அதனையும் பிடிக்கும் வழி எமக்குப் பெரிதும் பிடித்தது. கணினியின் எல்சிடி திரையை வெண்மையாக வைத்து, 'போலரைஸ்ட்' என்று குறித்த வெயிற்கண்ணாடியின் ஊடாகப் பார்த்தவாறே கண்ணாடியைச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை கறுத்துவிடும். அந்நிலையில் மணியைத் திரைக்கு முன்னே பிடித்து உருட்டினால், படிகம் நிற வளையங்களுடன் ஒளிரும். கண்ணாடி இருண்டே கிடக்கும், மிஞ்சினால் மங்கலாகத் தெரியும். பிளாஸ்டிக்கும் ஒளிரக்கூடும், ஆனால் அதன் எடையே காட்டிக்கொடுத்துவிடும். உயரழுத்தக் கலன்களில் செயற்கையாக வளர்த்த குவார்ட்ஸை மட்டும் வீட்டில் இனங்காண இயலாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். அச்செலவு மாலையின் விலையை விஞ்சிவிடும்.

இந்தக் கல் நமக்குப் புதிதன்று. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், செய்து முடிக்காத படிக மணிகளும் கிடைத்தன. தஞ்சையை அடுத்த வல்லத்துப் படிகக் கற்களைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்த காலமும் உண்டு. ஃபிரிஸ்கோவிலிருந்து சில மணி நேரம் காரோட்டினால் அர்க்கன்சோ மாநிலத்து மவுண்ட் ஐடாவை அடையலாம். கட்டணஞ் செலுத்திப் படிகத்தை நாமே தோண்டி எடுக்கும் சுரங்கங்கள் அங்குள்ளன. பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தக்க இடம்.

எமது 70 டொலர் மாலையின் 108 மணிகளும் திரைக்கு முன்னே இருண்டு கிடந்தன. கண்காட்சி முடிந்து கடைக்காரரும் போய்விட்டார். பற்றுச்சீட்டை நாம் கேட்டு வாங்கவில்லை.

தமது பழைய மாலையையும் பார்க்கும்படி அம்மம்மாவே சொன்னார். 102 மணிகள் ஒளிர்ந்தன, ஆறு ஒளிரவில்லை. கிளிநொச்சியில் நூல் அறுந்து மணிகள் சிதறியதும், குறைந்தவற்றுக்கு ஈடாகச் சந்தையில் வாங்கிக் கோத்ததும் அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அவற்றை மாற்றித் தரட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்று மாலையை வாங்கிக்கொண்டார்.