பிடிக்கலையா, விடலையா? ரீபில்ட் பண்ணின பழைய புல்லட்டோட கிளட்ச்

போன எபிசோட்ல பழைய புல்லட்டோட கார்புரேட்டர் பத்திப் பேசினதுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்கள்ல ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வந்தது. "அண்ணா, வண்டிய முழுசா ரீபில்ட் பண்ணிட்டேன். இன்ஜின் சூப்பரா ஓடுது. ஆனா கிளட்ச் போச்சு. பிளேட் மாத்தியும் சரியாகல." சரி, இந்த எபிசோட் முழுக்க கிளட்ச்தான்.

நான் பேசப்போறது பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350 பத்தி. நாலு கியர், கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம், ஒண்ணு மேல மூணு கீழ. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துல ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி, நம்ம திருவொற்றியூர்ல வருஷக்கணக்கா செஞ்ச வண்டி. உங்ககிட்ட ஜாவா, யெஸ்டி இருந்தா கிளட்ச் அமைப்பு கொஞ்சம் வேற. ஆனா யோசிக்கிற முறை அங்கயும் செல்லும்.

முதல்ல ஒரு விஷயம். "கிளட்ச் போச்சு"ன்னு சொல்றது, டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு சொல்ற மாதிரி. கிளட்சுக்கு ரெண்டே வேலை. லீவரை விட்டா பிடிக்கணும், பிடிச்சா விடணும். அதனால கிளட்ச் தப்பு பண்ணினா அதுவும் ரெண்டு வகைதான். ஒண்ணு, பிடிக்கல. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினா இன்ஜின் கத்துது, வேகம் ஏறல. இதைத்தான் ஸ்லிப்னு சொல்றோம். இன்னொண்ணு, விடல. லீவரை முழுசா இழுத்தும் வண்டி முன்னாடி இழுக்குது, நிக்கும்போது நியூட்ரல் விழ மாட்டேங்குது, ஃபர்ஸ்ட் போட்டா 'டக்'குனு ஒரு அடி. மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி உங்க வண்டி இதுல எதுன்னு தெரிஞ்சுக்கணும். ரெண்டுக்கும் காரணம் வேற வேற. சில சமயம் நேர் எதிர்.

உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா பார்ப்போம். இடது பக்கம் பிரைமரி கேஸுக்குள்ள இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து ஒரு செயின் கிளட்ச் டிரம்முக்குப் போகுது. இன்ஜின் ரெண்டு சுத்துக்குக் கொஞ்சம் மேல சுத்தினா டிரம் ஒரு சுத்து. டிரம்முக்குள்ள உராய்வுப் பூச்சு உள்ள பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாத்தி மாத்தி, இட்லித் தட்டு மாதிரி அடுக்கி இருக்கும். ஒரு வகை டிரம்மோட சுத்தும், இன்னொரு வகை நடுவில இருக்கிற ஹப்போட, அதாவது கியர்பாக்ஸோட சுத்தும். மேல ஒரு பிரஷர் பிளேட். அதை மூணு ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்குது. அந்த அழுத்தம்தான் பிடிப்பு. லீவரை இழுத்தா கேபிள் வழியா வலது பக்கம் ஒரு ஆர்ம் நகர்ந்து, கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்கு நடுவில போற புஷ் ராடைத் தள்ளும். ராடு பிரஷர் பிளேட்டை வெளிய தள்ளும். பிளேட்கள் நடுவில மயிரிழை இடைவெளி விழும். அவ்வளவுதான் கிளட்ச்.

அப்போ பிடிப்பு எதைப் பொறுத்தது? ஸ்பிரிங்கோட அழுத்தம், உராய்ற பரப்புகளோட எண்ணிக்கை, பிளேட்டோட ஆரம், நடுவில என்ன ஆயில் இருக்குங்கிறது. விடுறது எதைப் பொறுத்தது? புஷ் ராடு எவ்வளவு தூரம் தள்ளுதுங்கிறதும், பிரஷர் பிளேட் நேரா எழுதாங்கிறதும். இந்த "நேரா"ங்கிற வார்த்தையை ஞாபகத்துல வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி செய்யக்கூடிய சோதனைகள் இருக்கு. காசே ஆகாது. புல்லட்ல ஒரு வசதி: கிக்கர் உதைக்கிற விசை கியர்பாக்ஸ், கிளட்ச், பிரைமரி செயின் வழியாதான் இன்ஜினுக்குப் போகுது. அதனால கிக்கரே ஒரு கிளட்ச் டெஸ்டர். டீகம்ப்ரஷரைத் தொடாம, நியூட்ரல்ல, கம்ப்ரஷன் கால்ல தட்டுற இடம் வரைக்கும் கிக்கரைக் கொண்டுபோங்க. அங்க உடம்பு எடையைக் கொடுத்து நில்லுங்க. கிக்கர் கெட்டியா நின்னு, மெதுவா கம்ப்ரஷன் கசிஞ்சு இறங்கினா நல்லது. தயிர்ல கரண்டி இறங்குற மாதிரி சுலபமா, சத்தமில்லாம கீழ போயிட்டா கிளட்ச் வழுக்குது. 'கடகட'ன்னு பல் சத்தத்தோட போனா அது கிளட்ச் இல்ல, கிக்கரோட ராட்செட் தேய்ஞ்சிருக்கு. இதைக் குழப்பிக்கிட்டுத்தான் பலர் நல்ல பிளேட்டை மாத்துறாங்க. நல்ல கம்ப்ரஷன் இருந்தாதான் இந்த டெஸ்ட் சொல்றதை நம்பலாம், அதையும் சொல்லிடறேன்.

விடலைங்கிறதுக்கு இதே கிக்கர்தான், ஆனா தலைகீழா. இன்ஜின் ஆஃப், லீவரை முழுசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உதைங்க. கிக்கர் சுதந்திரமா இறங்கணும், இன்ஜின் சுத்தக் கூடாது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆயில் பசை மாதிரி பிளேட்டை ஒட்ட வச்சிருக்கும். அதுக்குத்தான் பெரியவங்க காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கிளட்ச்சைப் பிடிச்சு ரெண்டு மூணு உதை உதைப்பாங்க. பந்தா இல்ல, பிளேட்டைப் பிரிக்கிறாங்க. அப்படி உதைச்சதும் சரியாகி, சூடானதுக்கப்புறமும் நல்லாவே இருந்தா உங்க கிளட்ச்ல கோளாறே இல்ல.

லேசான ஸ்லிப் கிக்கர்ல தெரியாது. ரோட்டுலதான் தெரியும். காலியான ரோடு, மூணாவது கியர், மிதமான வேகம், திடீர்னு முழு த்ராட்டில். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறணும். சத்தம் மட்டும் முன்னாடி ஓடினா ஸ்லிப். ஃப்ளைஓவர் ஏத்தம்னா இன்னும் தெளிவா தெரியும்.

இப்போ ரீபில்ட் வண்டிக்கே உரிய விஷயத்துக்கு வரேன். என் கருத்து இது, கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். 30,000 கிலோமீட்டர் ஓடின வண்டியில கிளட்ச் வழுக்கினா பிளேட் தேய்மானத்தை முதல்ல சந்தேகப்படலாம். ரீபில்ட் ஆகி 300 கிலோமீட்டர் ஓடின வண்டியில அதைக் கடைசியாதான் சந்தேகப்படணும். அங்க எதுவும் தேய நேரமே இல்ல. தப்பு இருந்தா, மாத்தினதுல இருக்கு, மாட்டினதுல இருக்கு, இல்ல பழசும் புதுசும் கலந்ததுல இருக்கு.

ஒரு கதை சொல்றேன். என் நண்பர் ஒருத்தரோட அப்பா 70கள்ல வாங்கின புல்லட். அப்பா இறந்தப்புறம் பல வருஷம் கார் ஷெட்ல தார்ப்பாய்க்கு அடியில கிடந்தது. நண்பர் சேமிப்பையெல்லாம் போட்டு ரீபில்ட் பண்ணினார். அம்மாவைப் பின்னாடி உட்கார வச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். வாசல்ல கிளட்ச்சைப் பிடிச்சு நிறுத்தி, அம்மா ஒரு காலை எடுத்து இறங்கும்போது வண்டி ஒரு அடி முன்னாடி தாவிருச்சு. அம்மா விழல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா அன்னையிலிருந்து அந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டாங்க. ஏத்தத்துல அதே வண்டி ஸ்லிப்பும் ஆச்சு. வொர்க்‌ஷாப்ல பிளேட் செட்டை ரெண்டு தடவை மாத்தினாங்க. மூணாவது தடவை "டிரம்மையே மாத்தணும்"னு சொன்னப்போதான் எனக்கு ஃபோன் பண்ணினார். வித்துடலாமான்னு கேட்டார்.

கவனிங்க, ரெண்டு நோயும் ஒரே வண்டியில. பிடிக்கவும் இல்ல, விடவும் இல்ல. இது பார்க்க மர்மமா இருக்கும், ஆனா இதைவிட நல்ல துப்பு கிடையாது. கேபிள் ரொம்ப டைட்டா இருந்தா ஸ்லிப் ஆகும், ஆனா நல்லா விடும். கேபிள் லூஸா இருந்தா விடாது, ஆனா நல்லா பிடிக்கும். ஆக, ரெண்டும் சேர்ந்து வந்தா கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் காரணமா இருக்க வாய்ப்பு குறைவு. பிளேட் வளைஞ்சிருக்கலாம், இல்ல பிரஷர் பிளேட் கோணலா எழலாம்.

இருந்தாலும் வெளியிலிருந்துதான் ஆரம்பிச்சோம். லீவர்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஃப்ரீ ப்ளே இருந்தது. ஹேண்டில்பாரை இந்தக் கோடி, அந்தக் கோடி திருப்பியும் அந்த ப்ளே மாறல. மாறினா கேபிள் போற வழி தப்பு. ரீபில்ட்ல உயரமான ஹேண்டில்பார் போட்டு, பழைய அளவு கேபிளையே மாட்டின வண்டிகள்ல இது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது ஆயில். பழைய புல்லட்ல கிளட்ச் இருக்கிற பிரைமரி கேஸ் ஆயில், இன்ஜின் ஆயிலிலிருந்து தனி. அரை லிட்டருக்கும் குறைவுதான் பிடிக்கும். கேஸ்ல ஒரு லெவல் ஸ்க்ரூ இருக்கும். அதை மீறி ஊத்தினா பிளேட்கள் ஆயில்லயே நீந்தி, விட மறுக்கும். கார் ஆயில் ஊத்தறதும் ஆபத்து. நிறைய கார் ஆயில்கள்ல உராய்வைக் குறைக்கிற ரசாயனம் இருக்கும், கிளட்சுக்கு உராய்வுதான் சோறு. டப்பா பின்னாடி ஜாசோ எம்.ஏ.ன்னு இருக்கான்னு பாருங்க. எம்.பி.ன்னு இருந்தா அது ஸ்கூட்டருக்கு, இதுக்கு வேண்டாம். நண்பரோட வண்டியில ஆயிலும் சரி, அளவும் சரி.

அப்போதான் கவரைத் திறந்தோம். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் ஒதுக்கிட்டா, பிரைமரி கவரை நடுவில ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடிச்சிருக்கும். கீழ ஒரு தட்டு வைங்க, ஆயில் கொட்டும். திறந்ததும் எதையும் கழட்டாதீங்க. நிறைய பேர் இங்கதான் அவசரப்படுறாங்க. கழட்டிட்டா துப்பு போச்சு.

நண்பர் லீவரை மெதுவா இழுத்தார், நான் பக்கவாட்டுல உட்கார்ந்து பிரஷர் பிளேட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் எழுந்தது. எதிர்ப் பக்கம் கிட்டத்தட்ட அசையவே இல்ல. லீவரைப் பிடிச்ச நிலையில கிக்கரைக் கையால தள்ளிச் சுத்தினா பிரஷர் பிளேட் நெளிஞ்ச சைக்கிள் ரிம் மாதிரி ஆடிச்சு. பத்து நிமிஷ வேலை. ரெண்டு செட் பிளேட் செலவுக்கு முன்னாடி யாராவது இந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழிச்சிருக்கலாம்.

மூணு ஸ்பிரிங்கையும் கழட்டி வெர்னியர்ல அளந்தோம். ரெண்டு ஒரே நீளம். மூணாவது 2 மில்லிமீட்டர் கம்மி. எங்கயோ, யாரோ, பழைய செட்டுல ஒண்ணையும் புது செட்டுல ரெண்டையும் கலந்திருக்காங்க. ஆறு ஸ்பிரிங் உள்ள கிளட்ச்ல ஒண்ணு சோர்ந்தா மத்த அஞ்சு ஓரளவு சமாளிக்கும். மூணுல ஒண்ணு சோர்ந்தா, முக்காலியில ஒரு கால் குட்டையான கதைதான். மொத்த அழுத்தம் குறைஞ்சதால ஏத்தத்துல ஸ்லிப். சோர்ந்த பக்கம் முதல்ல எழுந்து, பலமான பக்கம் பிளேட்டை விடாததால சிக்னல்ல இழுப்பு. ரெண்டு நோய்க்கும் ஒரே வேர்.

பிளேட்களையும் விடல. ஸ்டீல் பிளேட் ஒவ்வொண்ணையும் தட்டையான கண்ணாடி மேல வச்சு, ஓரத்துல ஃபீலர் கேஜ் நுழையுதான்னு பார்த்தோம். ஒண்ணு சூட்டுல நீலம் பாய்ஞ்சு வளைஞ்சிருந்தது. அது ஸ்லிப்போட விளைவு, காரணம் இல்ல. அதை மட்டும் மாத்தினோம். டிரம்மோட காடிகள்ல பிளேட்டோட காதுகள் குத்திப் பள்ளம் போட்டிருக்கான்னு நகத்தால தடவிப் பார்த்தேன். பள்ளம் இருந்தா பிளேட் அதுல மாட்டிக்கிட்டு விடாது. லேசான கோடுதான். டிரம் மாத்தத் தேவையில்ல. டிரம்மைக் கையால பிடிச்சு ஆட்டியும் பார்த்தேன், பேரிங் நல்லா இருந்தது. புஷ் ராடு முனை காளான் மாதிரி விரியல. பிரைமரி செயின் தொய்வு கால் இன்ச் கிட்ட, அதுவும் சரி.

இங்க ஒரு குறுக்குவழியைப் பத்திச் சொல்லணும். ஸ்பிரிங்குக்கு அடியில வாஷர் போட்டு அழுத்தம் ஏத்துறது. பல கடைகள்ல செய்வாங்க, ஸ்லிப்பும் நிக்கும். ஆனா லீவர் கல்லு மாதிரி ஆகும், கேபிள் சீக்கிரம் அறும், பிரஷர் பிளேட் எழுற தூரமும் குறையலாம். சோர்ந்த ஒரு ஸ்பிரிங்குக்கு மட்டும் வாஷர் போட்டு மத்ததோட சமன் பண்றவங்களும் இருக்காங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. நீளம் சமமானாலும் சோர்ந்த ஸ்பிரிங்கோட பலம் சமமாகாது. ஸ்பிரிங்கை எப்பவும் செட்டா மாத்துங்க. பிளேட் செட்டைவிட விலை குறைவு. புதுப்பேட்டையில வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, மாட்டுறதுக்கு முன்னாடி மூணையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு அளங்க. ஒரே பாக்கெட்ல வந்ததுன்னு நம்பிடாதீங்க.

புது ஸ்பிரிங் மாட்டி, கவர் மூடாமலே திரும்ப லீவரை இழுத்துப் பார்த்தோம். சுத்தியும் ஒரே அளவு இடைவெளி. கவர் மூடி, லெவல் ஸ்க்ரூ வரைக்கும் ஆயில் ஊத்தி ஓட்டினா, சிக்னல்ல நியூட்ரல் பாதத்தால தட்டினதும் விழுந்தது, பச்சை விழுற வரைக்கும் வண்டி அசையல. ஃப்ளைஓவர்ல மூணாவது கியர்ல முறுக்கினா சத்தமும் வேகமும் ஒண்ணா ஏறிச்சு. அம்மா இன்னும் ஏறல. தெரு முனை வரைக்கும் வரேன்னு சொல்லியிருக்காங்களாம்.

உங்க வண்டியைப் பத்தி வாய்ஸ் மெசேஜ் அனுப்புறவங்க மூணு விஷயத்தை மட்டும் சேர்த்துச் சொல்லுங்க. பிடிக்கலையா, விடலையா, இல்ல ரெண்டுமா? ஆறின வண்டியிலயா, சூடான வண்டியிலயா? ரீபில்ட்ல கிளட்ச் பக்கம் என்னென்ன மாத்தினாங்க, எது பழசு? அடுத்த எபிசோட் புல்லட்டோட ஆல்டர்நேட்டர், அந்த அம்மீட்டர் முள் ஏன் நடுங்குதுன்னு பார்ப்போம்.