தலையீற்று நாயைப் பேணுதல்



ஆண்டுதோறும் இம்மலரில் கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் எழுதுவது என் வழக்கம். இம்முறை ஒரு நாயைப் பற்றி எழுதப் புகுந்துள்ளேன். இதனைக் கண்டு நகைப்போரும் இருக்கலாம். எனினும், இக்கட்டுரையை முழுதும் படித்த பின்னர் அவர்களும் என் நோக்கத்தை உணர்வார்கள் என்று நம்புகிறேன்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவர் மூவர் என் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். தோட்டத்து முகப்பிலுள்ள பேருந்து நிற்குமிடத்தில் சடைமுடியுடைய சிறு நாய் ஒன்று நனைந்து கிடப்பதாகக் கூறினர். சென்று பார்த்தேன். ஷிட்சூ வகையைச் சேர்ந்த பெண் நாய் அது. பட்டணத்தில் யாரோ செல்லமாக வளர்த்துப் பின்னர் கைவிட்டிருக்க வேண்டும். மயிர் சிக்குண்டு, காதுகளில் உண்ணிகள் மொய்த்திருந்தன. வயிறோ பருத்திருந்தது, முலைக்காம்புகள் தடித்துச் சிவந்திருந்தன. அது சினையுற்றிருந்தது.

மறுநாள் காலை, அம்மூவரில் ஒருவன் ஒரு காகிதப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினான். “ஐயா, தங்கச்சி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த கால்சியம் மாத்திரை இது. பஞ்சுவுக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டான். (பஞ்சு என்பது ஒரே இரவில் அவர்கள் அந்நாய்க்குச் சூட்டிய பெயர்.) அப்பொட்டலத்தைக் கண்டதும் என் நெஞ்சு திடுக்கிட்டது. அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

நெருங்குவதற்கு முன்

மாணவர்களே, முதலில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. தெருவில் காணும் நாயைத் தனியே நெருங்கித் தொடுதல் கூடாது. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தோன்றியதை நாம் மறத்தலாகாது. இந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. ஆகவே, நாய் கடித்தாலும் கீறினாலும் அக்காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெற்றோரிடம் மறைத்தல் பெருந்தவறு.

மீட்கப்பட்ட நாயை வீட்டிலுள்ள பிற நாய்களிடமிருந்து பிரித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முதற்கடமை. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளைச் சினைக்காலத்தில் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பர். உண்ணி மருந்து, பூச்சி மருந்து எதுவாயினும் அவர் கூறியதையே, கூறிய அளவிலேயே கொடுக்க வேண்டும். நாய்களின் குடலில் வாழும் உருண்டைப்புழு கருவிலேயே குட்டிகளைச் சென்றடையும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் செல்லும். உருண்டைப்புழுவின் முட்டைகள் நம் பிள்ளைகளின் வாய்க்குள் சென்றாலும் தீங்கு விளையும். எனவே, நாயைத் தொட்டபின் கைகழுவுதல் என்பது நாயின் நலனுக்கு மட்டுமன்று, நம் நலனுக்கும் உரியதாகும்.

நாட்கணக்கு

பசுவிற்கு ஒன்பது மாதம். நாய்க்கு ஒன்பது வாரம். இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். வீட்டில் வளர்ந்த நாயாயின் இணைசேர்ந்த நாளை நாம் அறிவோம். கைவிடப்பட்ட நாய்க்கோ அக்கணக்கு இல்லை. அதனால்தான் மருத்துவரின் கருவிகள் தேவைப்படுகின்றன. ஏறத்தாழ 25 நாளுக்குப் பின் ஸ்கேன் செய்தால் குட்டிகளின் இதயத்துடிப்பைக் காணலாம். 55 நாளுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்தால் எலும்புகள் தெளிவாகத் தெரிவதால், குட்டிகள் எத்தனை என்று எண்ணிவிடலாம்.

பஞ்சுவின் படத்தில் மூன்று முதுகெலும்புகள் தெரிந்தன. “மூன்று என்பதை மறவாதீர்கள்” என்று மருத்துவர் அழுத்திக் கூறினார். அச்சொல்லின் அருமையை அன்று நான் முழுதும் உணரவில்லை.

உணவு

சினையுற்றது தெரிந்தவுடன் அளவின்றி ஊட்டுதல் நம்மிடையே உள்ள வழக்கம். இது தவறு. முதல் ஐந்து அல்லது ஆறு வாரம் வழக்கமான அளவே போதும். கொழுத்த நாய் ஈனுவதற்குத் துன்புறும். கடைசி மூன்று வாரங்களில்தான் குட்டிகள் விரைந்து வளர்கின்றன. அப்பொழுது உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஈனும் தறுவாயில் வழக்கத்தைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை மிகுதியாகக் கொடுக்கலாம். சிறிய இன நாயின் வயிற்றில் குட்டிகளே இடத்தை நிரப்பிக்கொள்வதால் இரைப்பை சுருங்கியிருக்கும். எனவே, ஒரே வேளையில் திணிக்காமல் நாளைக்கு நான்கு வேளையாகப் பகிர்ந்து கொடுத்தல் நன்று. குட்டி நாய்களுக்கென விற்கும் உணவில் சத்து செறிந்திருப்பதால், கடைசி வாரங்களில் தாய்க்கும் அதுவே ஏற்றது. மீட்கப்பட்ட நாய் மெலிந்திருந்தால், எவ்வளவு கூட்டலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நம் வீட்டுச் சோறும் குழம்பும் ஆகாவோ என்று சிலர் கேட்பர். குழம்பில் வெங்காயம் உண்டு. வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். சாக்லேட், திராட்சை, வெந்த எலும்பு, பச்சை இறைச்சி ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். மனிதருக்குரிய வலி மாத்திரையைக் கொடுத்தல் அறவே கூடாது. செம்பனைக் காட்டில் எலி மருந்து வைக்கப்படுவதையும், களைக்கொல்லி தெளிக்கப்படுவதையும் தோட்டத்தார் அறிவர். ஆதலால், சினை நாயைக் காட்டுப் பக்கம் அவிழ்த்து விடாமல், காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த வேளையில் கயிற்றில் பிடித்துச் சிறிது நடத்திவருதலே பாதுகாப்பு. சப்பை மூக்குடைய நாய்கள் வெப்பத்தைத் தாங்கமாட்டா.

கால்சியம் பற்றிய உண்மை

இனி, அப்பொட்டலத்தைக் கண்டு நான் திடுக்கிட்டதன் காரணத்தைக் கூறுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் பணியாற்றியபோது, என் வீட்டில் சிறிய நாய் ஒன்று இருந்தது. அது முதன்முறை சினையுற்றபோது, எலும்பு வலுப்பட வேண்டும் என்று எண்ணி, நாள்தோறும் கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தேன். நான்கு குட்டிகள் நலமாகப் பிறந்தன. மூன்றாம் வாரம் ஒரு மாலையில் அது நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் அலைந்து, மேல்மூச்சு வாங்கியது. கால்கள் விறைத்து நடை தள்ளாடியது. குளிரால் நடுங்குகிறது என்று எண்ணிப் போர்வை போர்த்தினேன். நள்ளிரவில் வலிப்பு வந்தது. விடியுமுன் அது இறந்துவிட்டது.

அதனைக் கொன்றது என் அன்பும் என் அறியாமையுமே. காரணத்தைப் பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். உடலின் கால்சியத்தை ஆள்வது கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால், அவை எலும்பிலிருந்து அதனை எடுத்துத் தருமாறு செய்கின்றன. நாம் வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டேயிருந்தால் அச்சுரப்பிகள் தம் வேலையில் மந்தமாகிவிடுகின்றன. ஓராண்டு முழுதும் வீட்டுப்பாடத்தை அண்ணனைக் கொண்டு எழுதுவித்த மாணவன், தேர்வு மண்டபத்தில் தனியே அமர்ந்தால் என்னாவான்? அவ்வாறே, குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கித் தேவை திடீரெனப் பெருகும்போது அச்சுரப்பிகள் திகைத்து நிற்கின்றன. சிறிய உடலும் மிகுந்த குட்டிகளும் உடைய நாய்க்கே இவ்வாபத்து மிகுதி. பெரும்பாலும் ஈன்ற நான்கு வாரங்களுக்குள் இது தோன்றும். நடுக்கம், விறைப்பு, மேல்மூச்சு கண்டவுடன் குட்டிகளைப் பிரித்து வைத்து, மணிக்கணக்கில் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உரிய நேரத்தில் மருந்து செலுத்தினால் நாய் பிழைத்துவிடும்.

சமச்சீரான உணவே சினைக்காலத்திற்குப் போதிய கால்சியத்தைத் தரும். மருத்துவர் கூறாமல் மாத்திரை வேண்டா. அம்மாணவனிடம் இதனைக் கூறியபோது அவன் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றான்.

ஈனுமிடம்

ஈனும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னரே இடத்தை ஆயத்தப்படுத்த வேண்டும். நாய் அங்கு உறங்கிப் பழகவேண்டும் அல்லவா? நாய் கால்நீட்டிப் படுக்கும் அளவு அகலமான பெட்டியும், குட்டிகள் வெளியே உருளாத உயரமுள்ள பக்கங்களும், தாய் ஏறி இறங்கத் தாழ்வான முன்புறமும் போதும். பழைய செய்தித்தாளும் தூய துண்டுகளும் விரிக்கலாம். ஈரக்காற்றும் ஆள்நடமாட்டமும் இல்லாத மூலையே ஏற்றது. ஒருமுறை கைவிடப்பட்ட நாய் அச்சம் மிகுந்தது; ஆதலால், ஒரே ஆள் நாள்தோறும் உணவளித்து அதன் நம்பிக்கையைப் பெறுதல் நலம். சடைமுடி நாயாயின் முலையைச் சுற்றியும் பின்புறத்திலும் உள்ள மயிரைக் கத்தரித்துவிட வேண்டும்.

கடைசி வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்து உடல்வெப்பத்தைப் பார்த்துக் குறித்து வந்தோம். நாயின் இயல்பான வெப்பம் 38 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும். அது 37.2க்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் ஈனத் தொடங்கும். வெப்பமானி வைத்தது நான். பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்டுக் குறித்தவர்கள் அம்மூவர்.

அந்த இரவு

ஒரு வெள்ளிக்கிழமை காலை வெப்பம் 37 பாகையாக இறங்கியது. பஞ்சு உணவைத் தொடவில்லை. செய்தித்தாளைக் கிழித்துக் குவித்தது. மாலையே மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்து, வேன் வைத்திருக்கும் பெற்றோர் ஒருவரையும் ஆயத்தமாக இருக்கக் கேட்டுக்கொண்டேன். நம் தோட்டத்திலிருந்து பட்டணம் செல்ல நாற்பது நிமிடம் ஆகும். ஆபத்து நேர்ந்த பின் வண்டி தேடுவதில் பயனில்லை.

இரவு பத்து மணிக்கு முதற்குட்டியும், பத்து நாற்பதுக்கு இரண்டாவதும் பிறந்தன. பஞ்சு தானே பனிக்குடத்தை நக்கிக் கிழித்து, தொப்புள்கொடியையும் கடித்துத் துண்டித்தது. பின்னர் அமைதியாகப் படுத்துவிட்டது. “முடிந்தது ஐயா, வீட்டுக்குப் போகலாம்” என்றார் வேன்காரர். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆயினும், எக்ஸ்ரே படத்தில் இருந்தவை மூன்று.

பின்வரும் அறிகுறிகளில் எதைக் கண்டாலும் காத்திருத்தல் கூடாது:

1. அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வெளிவராமை.

2. உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுத்தது பிறவாமை.

3. முதற்குட்டி பிறக்குமுன் கரும்பச்சை நிற நீர் வெளிப்படுதல்.

4. வெப்பம் இறங்கி 24 மணி நேரம் கடந்தும் ஈனத் தொடங்காமை.

5. நாய் சோர்ந்து வீழ்தல்.

நள்ளிரவு பன்னிரண்டு நாற்பதுக்குப் புறப்பட்டோம். குட்டிகள் இரண்டையும் துணியில் சுற்றி, வெந்நீர்ப் புட்டிக்கருகே கூடையில் வைத்துக்கொண்டோம். பிறந்த குட்டிக்குத் தன் உடல்வெப்பத்தைக் காக்கும் ஆற்றல் இல்லை. மூன்றாம் குட்டி குறுக்கே திரும்பிச் சிக்கியிருந்தது. அறுவை செய்து எடுத்தனர். அதனைக் காப்பாற்ற இயலவில்லை. தாய் பிழைத்தது. விடியும்வரை விட்டிருந்தால் தாயையும் இழந்திருக்கலாம் என்றார் மருத்துவர். சிறிய இன நாய்க்கு இடுப்பெலும்பு குறுகியது; குட்டியின் தலையோ பெரியது. ஆதலால், தலையீற்றில் இத்தகைய இடர் புதுமையன்று.

நம் கடமை

எட்டு வாரம் தாயுடன் வளர்ந்த பின்னரே குட்டிகளைப் பிரித்தோம். இரண்டும் நல்ல இல்லங்களைச் சேர்ந்துள்ளன. பால் மறந்தபின் பஞ்சுவுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் பெற்று, அண்டையிலுள்ள எவருக்கும் இடையூறின்றி அது இன்று என் வீட்டு வேலிக்குள் வாழ்கிறது. 2017ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டம், விலங்குகளைத் துன்புறுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கின்றது. சட்டம் தண்டிக்கலாம். ஆனால், வளர்க்க இயலாத குட்டிகளைப் பிறப்பித்துத் தெருவில் விடாமல் இருப்பது நம் மனச்சான்றைப் பொறுத்ததாகும்.

அம்மூவர் குறித்துவைத்த பயிற்சிப் புத்தகம் இன்று பள்ளி நூல்நிலையத்தில் உள்ளது. அதன் முதற்பக்கத்தில், பொட்டலம் கொண்டுவந்த அம்மாணவன் பெரிய எழுத்தில் எழுதியுள்ளான்: “கேட்டுவிட்டுக் கொடு.” இருபது ஆண்டுகளுக்கு முன் நான் கற்றிருக்க வேண்டிய பாடம் அது. அவன் தன் பதினொன்றாம் வயதிலேயே கற்றுக்கொண்டான். ஓர் ஆசிரியனுக்கு இதனினும் மேலான மகிழ்ச்சி வேறில்லை.

மாணவர் அனைவரும் அறிவும் அருளும் ஒருங்கே பெற்று வாழ வாழ்த்துகிறேன். 

தலைமையாசிரியர்