தோலின் நிறமும் தேர்வின் நெறியும்



தோலைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்லும் திறமை, வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்து மக்களுக்குக் கைவந்த கலை. எங்கள் சோளிங்கரும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. ஆடு மாடுகளின் தோலைப் போலவே பாம்பின் தோலும் ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் பதனிடப்பெற்று வெளிநாடுகளுக்குச் சென்றது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பெற்றது. பிழைப்பை இழந்த இருளர் மக்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து மருந்துக்கு உதவும் தொழிலை மேற்கொண்டார்கள்.

தொழில் மாறியது, பாம்புத் தோலின் அழகின்மீது மனிதனுக்குள்ள ஆசை மாறவில்லை. முன்பு கொன்று உரித்தான். இப்பொழுது உயிரோடு பெட்டியில் வைத்து, தான் விரும்பும் நிறமும் கோலமும் அமையுமாறு இனம் பெருக்க முயல்கிறான். அம்முயற்சியில் உலகெங்கும் பெரிதும் விரும்பப்படுவது பச்சை மர மலைப்பாம்பு. அதனைப் பற்றியே இன்று சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

இப்பாம்பின் தாயகம் நியூகினித் தீவும், அதனை அடுத்த சிறு தீவுகளும், ஆஸ்திரேலியாவின் வடமுனையாகிய கேப் யார்க் பகுதியுமாகும். மரக்கிளையில் உடலைச் சுருள் சுருளாகத் தொங்கவிட்டு, நடுவில் தலையை வைத்து அசையாதிருக்கும். நஞ்சில்லாதது. தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும். ஏறத்தாழ 50 நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

வியப்பு இங்கேதான் தொடங்குகிறது. குஞ்சுகள் பச்சையாக இருப்பதில்லை. மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருக்கின்றன. ஒரே ஈட்டில் இவ்விரு நிறமும் தோன்றுவதுண்டு. ஏறத்தாழ ஓராண்டளவில் அவை பச்சையாகின்றன. நம் காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து, ஆறு மாதமளவில் சாம்பல் நிறம் கொள்வதைக் கண்டவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது.

இம்மாற்றத்தின் காரணம் யாது? சிறு குஞ்சு, வெயில் விழும் காட்டோரத்தில், தரைக்கு அருகில் வாழ்ந்து சிறு பல்லி, பூச்சிகளைப் பிடிக்கிறது. அங்கே மஞ்சளும் சிவப்பும் அதனை மறைக்கின்றன. வளர்ந்தபின் உயர்ந்த மரங்களின் இலைச்செறிவுக்கு ஏறுகிறது. அங்கே பச்சையே போர்வை. எனவே நிறம் இப்பாம்பிற்கு அணிகலன் அன்று, உயிர்க்கவசம். அந்தப் பச்சையும் ஒரே சாயத்தால் ஆனதன்று. தோலின் நுண்படிகங்கள் நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அவற்றின் மேல் மஞ்சள் நிறமிகள் படர்ந்துள்ளன. இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகின்றன. மஞ்சள் குறைந்தால் நீலம் வெளிப்படும். அந்த நீலத்துக்காகவே வளர்ப்போர் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர்.

அவ்வளவு காத்திருப்பு ஏன்? பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நெட்டை, குட்டை என்னும் பண்புகள் எளிய கணக்கில் அடங்கின. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் வெளிறிய நிறம் போன்ற சில பண்புகள் அக்கணக்கிற்கு உட்படுகின்றன. வெளிறலை மறைவாகத் தாங்கிய தாயும் தந்தையும் சேர்ந்தால், நான்கில் ஒரு பங்கு குஞ்சுகள் வெளிறிப் பிறக்குமென எதிர்பார்க்கலாம். பச்சை மர மலைப்பாம்பிலோ பெரும்பாலும் பல மரபணுக்கள் சேர்ந்தே நிறத்தை உருவாக்குகின்றன. மேலும், குஞ்சின் நிறத்தைக் கொண்டு வளர்ந்தபின் வரும் நிறத்தை அறிய இயலாது. அது நிறம் மாறும்வரை பொறுக்க வேண்டும். இனம் பெருக்கும் பருவம் அடைய மேலும் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். பத்தாண்டு உழைத்தாலும் மூன்று தலைமுறை காண்பது அரிது.

பொறுமையற்றவர் இரண்டு குறுக்குவழிகளை நாடுகின்றனர். ஒன்று, உடன்பிறந்தவற்றையே இணைத்தல். விரும்பிய நிறம் விரைவில் நிலைக்கலாம். மறைந்திருந்த குறைகளும் உடன் வெளிப்படும். ஒரு பண்பைப் பெருக்கும்போது மற்றொன்று ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. பந்து மலைப்பாம்பில் 'சிலந்தி' எனப்படும் அழகிய கோலமுடையவை தலை நடுங்கித் தடுமாறுகின்றன. அக்கோலத்தைத் தரும் மரபே அந்நடுக்கத்தையும் தருகிறது.

மற்றொன்று, காட்டில் பிடித்ததைப் பண்ணையில் பிறந்ததெனச் சொல்லி விற்றல். இந்தோனேசியாவில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. பண்ணையில் பிறந்தவை என்ற பெயரில் ஆண்டுதோறும் ஏற்றுமதியான இப்பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என அது கண்டது. ஆரு தீவுப் பாம்பில் வெண்புள்ளிகள், பியாக் தீவுப் பாம்பில் மஞ்சள் திட்டுகள் என ஒவ்வொரு தீவுக்கும் தனிச்சாயல் உண்டு. மிகுதியாக விரும்பப்படும் சாயலே முதலில் காட்டிலிருந்து குறைகிறது. ஆகவே, எங்கோ ஒரு நகரத்தில் அழகுக்கென வாங்கப்படும் ஒரு பாம்பு, ஒரு தீவின் காட்டை வெறுமையாக்கும் வேலையில் பங்கு பெறக்கூடும்.

நம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்வது நலம். நம் மலைப்பாம்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதனை வீட்டில் வளர்ப்பது குற்றம். பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் வரும் அயல்நாட்டு விலங்குகளுக்கென 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தனி அட்டவணை சேர்க்கப்பெற்றது. பச்சை மர மலைப்பாம்பும் அவற்றுள் ஒன்று. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அத்தகைய உயிரை வைத்திருப்பவர் பதிவு செய்தல் வேண்டும்; அதன் பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவித்தல் வேண்டும். பெற்றோர், பிறந்த நாள் ஆகிய விவரங்களைக் காட்ட இயலாத பாம்பைப் 'பண்ணைப் பிறப்பு' என்று யார் சொன்னாலும் நம்பற்க.

தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவது மனிதனின் பழைய அறிவு, அதில் பிழையொன்றுமில்லை. நம் உழவர் காளையின் நிறத்தைப் பார்த்தார்கள். கூடவே குளம்பையும் திமிலையும், ஏர் இழுக்கும் வலிமையையும் பார்த்தார்கள். அந்த முழுமையான பார்வை நிறத்தை மட்டும் நாடுவோரிடம் இல்லை. உங்கள் பிள்ளைகள் பாம்பின் அழகைக் காண விரும்பினால், கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். "இது ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது?" என்று அவர்கள் கேட்பார்கள். அந்தப் பாம்பு வாழும் காட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்குங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.